எந்த ஊர்ப் பேச்சு உங்கள் காதுக்கு இனிமை? ஏன்?

காவிரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். நான்கு ஆண்டுகளாக ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வந்த புதிதில், இங்குள்ளவர்கள் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் சேர்க்கும் 'ங்' எனக்கு மிகையான பணிவாகத் தோன்றியது. இப்போது அதைக் கேட்காத நாள் ஏதோ குறைந்த நாளாகத் தோன்றுகிறது.

சென்ற மாதம் எழுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர், தம் மூட்டையிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து என் கண்ணெதிரே ஒடித்து, "பாருங் தம்பி, உள்ள எப்பிடிச் செவந்திருக்குதுங். என்ற காட்டுல வெளஞ்சதுங்" என்றார். 'என்னுடைய' என்பதை அவர் 'என்ற' என்று அழுத்திச் சொன்னதிலும், சொல்லை முடிக்காமல் மூக்கொலியில் நிறுத்திவிட்டதிலும் இருந்த அழகை எனக்கு விளக்கத் தெரியவில்லை. இலக்கணப்படி ங் என்னும் எழுத்தில் முடியும் சொல் தமிழில் கிடையாது. ஆனால் கொங்கு நாட்டில் பேச்சே அந்த எழுத்தில்தான் முடிகிறது.

உங்களுக்குப் பிடித்த வட்டாரப் பேச்சு எது? தமிழகமாகவும் இருக்கலாம், கடல் கடந்ததாகவும் இருக்கலாம். 'இனிமையாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், எந்த ஒலி, எந்தச் சொல் உங்களை ஈர்க்கிறது என்றும் எழுத வேண்டுகிறேன். கொங்கு நாட்டவர் யாரேனும் இருந்தால், அந்த 'ங்' உள்ளபடியே மரியாதைதானா, வெறும் பழக்கமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பொருநை எழுதியது:

எனக்கு எங்கள் நெல்லைத் தமிழைவிட உவப்பானது வேறில்லை. சொந்த ஊர்ப் பாசம் என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் சென்னைக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகுதான், எங்கள் பேச்சில் இருந்து இங்கே இல்லாமற்போன ஒன்றை நான் உணர்ந்தேன். அது 'நீர்' என்னும் சொல்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தாவும் அடுத்த வீட்டுப் பெரியவரும் அறுபது ஆண்டு நண்பர்கள். அந்தப் பெரியவர் தெருவில் தலை காட்டியதும் தாத்தா திண்ணையிலிருந்து, "வாரும் வே, காப்பி குடிச்சீரா?" என்பார். அவர்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றதும் இல்லை, 'நீங்க' என்றதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், உரிமையும் மதிப்பும் சம அளவில் கலந்த ஓர் இடம் அந்த 'நீரு'க்கும் 'வே'க்கும் இருந்தது. சென்னையில் என் பள்ளித்தோழன் ஒருவன் இப்போது தலைமையாசிரியனாக இருக்கிறான். அவனுடைய ஆசிரியர்கள் நடுவில் அவனை 'நீ' என்று அழைக்க மனம் வருவதில்லை, 'நீங்கள்' என்றால் அவன் முகம் வாடுகிறது. ஊரில் என்றால் இந்தச் சிக்கலே எழாது.

திரைப்படங்களில் நெல்லைக்காரர் எல்லாரும் எல்லாரையும் 'ஏலே' என்று அழைப்பதாகக் காட்டுகிறார்கள். அது தவறு என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 'லே' ஒத்த வயது ஆண்களுக்கும் இளையவர்களுக்கும் உரியது. பெண்பிள்ளைகளுக்கு 'ஏட்டி', 'ஏளா' உண்டு. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'அவிய வந்தாவ', 'சொல்லுதாவ' என்று வினைச்சொல்லே குழைந்து வணங்கும். 'சொல்கிறேன்' என்பதில் உள்ள கடினம் 'சொல்லுதேன்' என்பதில் இல்லை. 'கிற்' போய் 'த்' வந்து அமர்ந்ததால் பேச்சு நீரோட்டம்போல் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

---

பருத்தித்துறை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியைச் சேர்ந்தவள். இப்போது கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கிறேன். இந்த ஊரின் பெயரைத் தமிழகத்தவர் 'டொரன்டோ' என்று எழுதுவதும் நாங்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதும் வெறும் எழுத்து வேறுபாடு அல்ல, காது வேறுபாடு. எங்கள் பேச்சில் 'காற்று', 'நேற்று' என்பவை 'காத்து', 'நேத்து' ஆகவில்லை. றகர இரட்டிப்பை நாங்கள் நாவை உருட்டாமல், நுனிநாவால் அண்ணத்தை ஒற்றி ஒலிக்கிறோம். ற, ன பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியரும் நுனிநா அண்ணத்தை ஒற்றுவதாகவே சொல்கிறார். அந்த ஒலி ஆங்கிலேயரின் 't' ஒலிக்கு மிக அண்மையில் இருப்பதால், அந்த ஆங்கில ஒலியைக் கேட்டதும் எங்களுக்கு ட நினைவுக்கு வருவதில்லை, ற, ர தான் வருகின்றன. ஆகவேதான் உங்கள் 'டீ', 'டயர்', 'டொரன்டோ' எங்களுக்கு 'ரீ', 'ரயர்', 'ரொறன்ரோ'.

ஆனால் என் மனம் கரைவது இதற்கு அல்ல, 'உ' என்னும் ஒரே எழுத்துக்கு. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். தமிழகத்தில் அவன், இவன் மட்டும் பேச்சில் எஞ்சின. எங்களிடம் உவன், உது, உங்கை ஆகியவை இன்றும் நாள்தோறும் புழங்குகின்றன. பெரும்பாலும் கேட்பவருக்கு அருகில் இருப்பதை அது குறிக்கும். ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில் முதலில் கேட்பது, "உங்கை குளிரோ, பிள்ளை?" என்பதுதான். 'அங்கே' என்றால் நான் தொலைவில் இருப்பவள். 'உங்கை' என்றால் நான் இருக்கும் இடம். நடுவில் இத்தனை கடல் கிடந்தும், அந்தச் சொல்லில் அவர் என் அருகில் வந்து அமர்ந்துவிடுகிறார். என் மகன் இங்கே பிறந்தவன். அவன் தமிழில் பல பிழைகள் உண்டு. எனினும் போன கிழமை என் கையிலிருந்த கிண்ணத்தைக் காட்டி, "அம்மா, உது என்ன?" என்று கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்னொன்று. தமிழகத்தின் தென்கரையைச் சேர்ந்த பலர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "இலங்கை வானொலி கேட்பதுபோல் இருக்கிறது" என்று மகிழ்வார்கள். அதை நான் பெருமையாகவே ஏற்கிறேன். ஆனால் அந்த வானொலியின் அறிவிப்பாளர்களான மயில்வாகனனாரும் அப்துல் ஹமீதும் பேசியது ஒலிவாங்கிக்கென்று செப்பமாக்கிய தமிழ். எங்கள் வீட்டுத் தமிழ், "எப்ப வந்தனீங்கள்? கெதியா வாங்கோ, இருந்து கதைப்பம்" என்பது.

---

ஈப்போவாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து ஒரு சொல் மட்டும். இங்கே ஒருவரைக் காலையில் கண்டால் 'சாப்பிட்டீர்களா' என்பதற்கு மாறாக 'பசியாறிட்டீங்களா' என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் விடியுமுன் வேலைக்குப் போய், பின்னரே பசியாறுவார்கள். என் பாட்டி ரப்பரைக் கடைசிவரை மலாய்ச் சொல்லின் வழிவந்த 'கித்தா' என்றே சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அவர் கைம்மணம் நினைவுக்கு வரும்.

---

ராயபுரம் எழுதியது:

எல்லாரும் தத்தம் ஊர்ப் பேச்சைக் கொண்டாடுவதைப் படித்து மகிழ்ந்தேன். எங்கள் வடசென்னைப் பேச்சை விரும்புவதாக ஒருவரும் எழுதமாட்டார்கள் என்று அறிந்தே எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், தங்கையையும் அழைத்து வந்திருப்பதைச் சொல்லும்போது 'இட்டுகினு வந்தேன்' என்று வாய்தவறி வந்துவிட்டது. எதிரே இருந்த மூவரும் சிரித்தார்கள். அதன்பின் நான் சொன்ன எந்த விடையும் அவர்கள் காதில் ஏறவில்லை. 'இட்டுக்கொண்டு' என்பது நல்ல தமிழ். 'கொண்டு' தேய்ந்து 'கினு' ஆனதில் என்ன இழிவு? மதுரைக்காரர் அதையே 'கூட்டிக்கிட்டு' என்றால் மண்வாசனை என்கிறோம்.

'நல்லா கீறியா' என்பதும் அப்படித்தான். 'இருக்கிறாய்' தலை இழந்து 'கீறே' ஆயிற்று. வேலூர், ஆரணிப் பக்கமும் இப்படியே பேசுகிறார்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு என் அம்மாவுடன் சிறுவயதில் போவேன். ஈரத் தரையில் கூடையை வைத்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியிடம், "இன்னாமே, ஒடம்பு எப்டி கீது?" என்று கேட்பாள். அவ்வளவு அவசரத்திலும் நின்று கேட்ட கேள்வி அது. அந்த 'கீது'வில் உள்ள பரிவை வேறு எந்த ஊர்த் தமிழிலும் நான் கேட்டதில்லை.

---

கோபிக்காரன் எழுதியது:

காவிரிக்கரை ஐயா கேட்டதற்கு விடை சொல்கிறேன். நாங்கள் அந்த 'ங்'கை யோசித்துச் சேர்ப்பதில்லை, ஆகவே பழக்கம் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தையையும் 'வாங் கண்ணு, சாப்புடுங்' என்றே அழைப்போம். மரியாதை முதியவர்களுக்கு மட்டும் உரியது என்றால் இது பொருந்தாது. என் அப்பாவும் அம்மாவும் சண்டையிட்ட நாள்களில் நாங்கள் திண்ணையில் காது கொடுத்துக் கிடப்போம். குரல் எவ்வளவு ஏறினாலும் அம்மா, "ஏனுங், நாஞ் சொல்றது காதுல விழுகுதுங்ளா இல்லீங்ளா?" என்றுதான் கேட்பார். ஒரே ஒரு முறை, நிலத்தை விற்ற அன்று, அந்த 'ங்' இல்லாமல் பேசினார். அன்று இரவு வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை.