கருவுற்ற திருநம்பிகளை (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்களை) கவனித்த செவிலியர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிரசவ வார்டு செவிலியர்:
வலி எடுத்து வந்த ஒரு திருநம்பியை இரவு முழுக்கக் கவனித்துக்கொண்டேன். வலியைக் காட்டிலும் உள்பரிசோதனைக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். ஒவ்வொரு முறையும் எதற்காகப் பார்க்கிறேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். "போதும் என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவேன்" என்றேன். ஒருமுறை போதும் என்றார், எடுத்துவிட்டேன். அடுத்த முறை முழங்கால்களை இறுக்காமல் தளர்த்திப் படுத்தார். வேடிக்கை பார்க்க வருகிற ஊழியர்களை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும், இதில் தயவுதாட்சண்யமே கூடாது. டியூட்டி மாறும்போது அவர் பெயரையும், அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் அடுத்தவரிடம் நானே சொல்லிவிட்டேன். வலியோடு இருப்பவர் ஆளுக்கு ஆள் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அவசரப் பிரிவு செவிலியர்:
2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு நிகழ்வு என்னை உலுக்கிவிட்டது. 32 வயதுத் திருநம்பி, கடும் வயிற்றுவலி. பதிவில் 'ஆண்'. வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்று அவரே சொல்லியும் அவசரமில்லை என்று காக்க வைத்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது குழந்தைக்கு முன்பே தொப்புள்கொடி இறங்கியிருந்தது. குழந்தை இறந்தே பிறந்தது.

அண்மையில் எங்களிடம் இதே போல ஒருவர் வந்தார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியால் மாதவிடாய் நின்றிருந்ததால் கரு தங்காது என்று நம்பியிருந்தார். ஊசி கருத்தடை இல்லை, மாதவிடாய் இல்லாமலே கரு உண்டாகலாம். பதிவில் 'ஆண்' என்றிருந்ததால் கணினி கர்ப்பப் பரிசோதனையை ஏற்கவில்லை. ஆய்வகத்துக்கு நானே போன் செய்து எடுக்க வைத்தேன். பாசிட்டிவ். வளரும் கருவைப் பாதிக்கும் என்பதால் ஊசியை அன்றே நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு:
மார்பகத்தை அகற்றும் அறுவை செய்தவருக்குப் பால் சுரக்காது என்று நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் திசுவிலும் சுரக்கலாம். நான் கவனித்தவருக்கு மூன்றாம் நாள் அக்குள் பக்கம் கல் போல வீங்கிவிட்டது. இப்படி ஆகலாம் என்று யாருமே முன்கூட்டிச் சொல்லாததால் மனிதர் மிரண்டுபோனார். குளிர் ஒத்தடமும் வலி மாத்திரையும் கொடுத்தோம், காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். இப்போதெல்லாம் பிரசவத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுகிறேன். பால் கொடுக்க விருப்பமா, வேண்டாமா என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்து வைக்கிறேன்.