சார்மவுத் கடற்கரையில் கிடைத்தவை என்னென்ன?

கேள்வி:
இங்கிலாந்தின் சார்மவுத் கடற்கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே மூன்று பொருள்களைப் பொறுக்கினேன். ஒன்று, துப்பாக்கித் தோட்டா போல நீண்டு கூர்மையானது. உடைந்த முனையில் நடுப்புள்ளியிலிருந்து கோடுகள் விரிகின்றன. அடுத்தது, நகத்தளவுச் சுருள், பித்தளை நிறம். மூன்றாவது, மிகச் சிறிய ஐந்து முனை நட்சத்திரம். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில்:
மூன்றும் புதைபடிவங்கள். முதலாவது பெலம்னைட் என்ற அழிந்துபோன கடலுயிர், சந்தேகமே வேண்டாம். கணவாய்க்குத் தூரத்து உறவு. உள்ளோட்டின் கால்சைட் (ஒரு சுண்ணாம்புக் கனிமம்) பகுதிதான் பெரும்பாலும் எஞ்சும். அந்தக் கோடுகளே அடையாளம். சுருள், அம்மோனைட்; சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர். நட்சத்திரம், கடல் அல்லி என்னும் கடல்வாழ் விலங்கின் தண்டுத் துண்டு. எல்லாம் கீழ் ஜுராசிக் காலத்தவை, 18 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை!

இன்னொரு பதில்:
ஐயா, அம்மோனைட்டை உடனே கவனியுங்கள். பித்தளை நிறம் பைரைட் என்ற இரும்புக் கனிமத்தால் வருவது; ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தால் பொடி பூத்து உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மோனைட்டில் எந்த வகை என்று அறிய வழியுண்டா?

பதில்:
வெளிவிளிம்பைப் பாருங்கள். நீள ஓடும் முகடு இல்லாமல் விலாவரிகள் (ஓட்டின் மேலுள்ள மேடான வரிகள்) அங்கே தட்டையாக விரிந்தால் புரோமைக்ரோசெராஸ் வகையாக இருக்கலாம். முகடு ஓடினால் எக்கியோசெராஸ் வகையின் பக்கம் தேடலாம். விளிம்பைப் படமெடுத்துப் போடுங்கள்.