25 அடி களத்தில் ஏழு சுற்றுக் கோட்டை: எப்படி வரையறது, எப்படி நடக்கறது?

பல்லடத்துக்காரர்:
தியான நடைக்கு ஏழு சுற்றுக் கோட்டை, அதாவது ஏழு சுத்தா வளைஞ்சு நடுவுக்குப் போற ஒத்தைத் தடப் புதிர்ப்பாதை, தரையில போடலாம்னு இருக்கேனுங்க. காறை போட்ட களம், 25-க்கு 25 அடி. செங்கல் அடுக்கலாமா? தாள்ல ஒரு கூட்டல் குறி, அதோட நாலு மூலையிலயும் ஒரு மூலைமட்டம் ('L' வடிவக் கோடு), ஒரு புள்ளி வெச்சு, உச்சியிலிருந்து இடப்பக்க முனையையும் வலப்பக்க முனையையும் வரிசையா வளைவால இணைச்சுப் பார்த்ததுல ஏழு வளைவுதான் வந்துச்சு. வலது கீழ்ப் புள்ளியும் வாசல் பக்கம் ஒரு முனையும் தனியா நிக்குது.

முளைக்குச்சி:
ஆறாவது வளைவுல தப்பிருக்குதுங்க. புள்ளியில கோடு இல்லாததால அதை முனைன்னு கணக்குல எடுக்க மறந்துருவாங்க. கூட்டல் குறிக்கு 4, நாலு மூலைமட்டத்துக்கு 8, புள்ளிக்கு 4, ஆக 16 முனை, 8 வளைவு; அதுங்களுக்கு இடையில வர்றதுதான் ஏழு சுத்து. ஒண்ணு மிஞ்சினாலும் பாதை முட்டிக்கும்.

செங்கல் வேண்டாம். தடத்துக்கு ஒன்றரை அடி விட்டா மொத்த அகலம் 22½ அடி, நீளம் 20 அடி சொச்சம். அதுல நாலரை அங்குலக் கல்லை வெச்சா கால் வைக்க 13½ அங்குலம்தான் மிஞ்சும், இடறும். செங்காவியில ரெண்டு அங்குலக் கோடு போதும்.

கூட்டல் குறியைக் களத்து நடுவுல போடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. போட்டா பின்பக்க வளைவு களத்தைத் தாண்டிரும். வாசல் ஓரத்திலிருந்து 8 அடி, இடது ஓரத்திலிருந்து 11¾ அடி தள்ளி அதோட நடு வரணும். ஒவ்வொரு கையும் 3 அடி. நாலு புள்ளியும் 6 அடிச் சதுரத்தோட மூலைகள்ல. மூலைமட்டத்தோட முக்கு கூட்டல் கோடுகள்ல இருந்து ஒன்றரை அடி, கால்கள் ஒன்றரை அடி.

கூட்டல் குறியோட உச்சி முனையிலிருந்து வலப்பக்கம் 9 அங்குலத்துல ஒருத்தர் கயித்தை அழுத்திப் பிடிக்கோணும். முதல் வளைவுக்குக் கயிறு 9 அங்குலம், அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் 18 அங்குலம் கூட்டுங்க, கடைசிக்கு 11 அடி 3 அங்குலம். இது மேல் பாதிக்கு மட்டும். கீழே திரும்பற இடத்துல அந்தந்த மூலைப் புள்ளியில கயித்தை மாத்திப் பிடிக்கோணும், இல்லீனா வளைவு கோணிக்கும். முதல்ல கோலமாவுல போட்டு ஒருக்கா நடந்து பாருங்க, அப்பறம் காவி.

நிதானம்:
நடக்கறதைப் பத்திச் சொல்றேன். வெளிச்சுத்தை 1-ன்னு வெச்சா பாதை 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. உள்ளே போக வந்தவரை முதல்ல வெளியேதான் தள்ளும். 4-லிருந்து 7-க்கு வந்ததும் நடு கைக்கெட்டற தூரத்துல இருக்கும். வந்துட்டோம்னு மனசு வெசையா ஓடும். அங்கிருந்து மறுபடி 6, 5-ன்னு வெளியே விலகும். எரிச்சல் வர்றதும் "வழி தப்பிருச்சோ"ன்னு தோணறதும் அந்த இடத்துலதான். தப்பாதுங்க, இதுல ஒரே வழி, பிரிவே கிடையாது. கவனிக்க வேண்டியதே அந்த எரிச்சலைத்தான்.

பார்வை நாலடி முன்னால இருக்கட்டும். பாதத்தையே பார்த்தா திருப்பத்துல தலை சுத்தும். நடுவுல நின்னு மூச்சு சீரானதும் வந்த வழியே திரும்புங்க. கோடுகளைத் தாண்டிக் குறுக்கே வெளியேறினா பாதி நடைதான். ஒன்றரை அடித் தடத்துல ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா வெளியே வர்றவர் ஒதுங்கோணும். வெயில்ல காறை சூடேறறதுக்குள்ள, காலையில எட்டு மணிக்கு முன்னாடி நடந்துருங்க.

கல்வட்டம்:
கெடிமேட்டுல பார்த்த மாதிரியே வேணும்னு கேட்கறவங்களுக்கு: பொள்ளாச்சிப் பக்கம் இருக்கற அந்தப் பழைய சுற்றுக் கோட்டை சதுரம், 56-க்கு 56 அடி. மேலே சொன்ன கயித்துக் கணக்கு அதுக்கு ஒத்துவராது. தருமபுரிப் பக்கம் கம்பைநல்லூர்ல இருக்கறது வட்டம், மாதிரிக்கு அதைப் பாருங்க. ரெண்டுமே பழங்கால இடம், கல்லைத் தொடாம, நகர்த்தாம ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துருங்க. சக்கரவியூகம்னு கோயில்கள்ல செதுக்கியிருக்கறது வேற ஜாதி. அதுல நடு சுருளா முடியும், கூட்டல் குறிக்குப் பதிலா முக்கோணத்துல தொடங்கோணும். ரெண்டையும் கலந்துக்காதீங்க.

பல்லடத்துக்காரர்:
புள்ளியைச் சேர்த்ததும் எட்டு வளைவும் வந்துருச்சுங்க. வாசல் கூட்டல் குறிக்கு இடப்பக்கம் வருது, சரிதானுங்களா?

முளைக்குச்சி:
சரிதானுங்க. முதல் வளைவை வலப்பக்கம் இழுத்தா வாசல் இடப்பக்கம், மாத்தி இழுத்தா வலப்பக்கம்.