மகளுக்கு வாங்கிய மைப்பேனை எழுதவில்லை: பேனை பிழையா, மை பிழையா?

கேள்வி: கல்லடியிலிருந்து ஒரு தாய்

வணக்கம். என் மகள் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறாள். வரலாறும் தமிழும் எழுதி எழுதி நடுவிரலில் காய் வந்துவிட்டது. போல் பொயின்ட் பேனையை அவள் அழுத்துகிற அழுத்தத்தைப் பார்த்தால் எனக்கே கை நோகும். கொப்பியில் அடுத்த இரண்டு தாளிலும் எழுத்தின் தடம் தெரியும். மைப்பேனை என்றால் அழுத்தத் தேவையில்லை என்று அவளுடைய ரியூசன் ஆசிரியை சொன்னாராம். போன மாதம் டவுனுக்குப் போன நேரம் விலை குறைந்த ஓர் உலோகப் பேனையும் ஒரு போத்தல் கறுப்பு மையும் வாங்கி வந்தேன்.

முதல் இரண்டு நாள் நல்ல கறுப்பாக, வழுக்கிக்கொண்டு எழுதியது. பிள்ளைக்கு அவ்வளவு சந்தோசம். மூன்றாம் நாள் விட்டுவிட்டு வந்தது. ஒரு கிழமைக்குள் ஒன்றுமே இல்லை. உதறிப் பார்த்தாள், தாளில் அழுத்திப் பார்த்தாள், சரிவரவில்லை. எழுதிய அந்த இரண்டு நாளும் சீ.ஆர். கொப்பியின் மறுபக்கத்துக்கு மை ஊறியது. மைப்போத்தலில் 'டிரோயிங் இங்க்' என்று போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்கள்.

பேனை பழுதா? புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால் பேனை, மை இரண்டுக்குமாக 3000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கச்சி, பேனையில் பிழை இல்லை. மைதான் பிழை. டிரோயிங் இங்க் என்பது தூரிகைக்கும் தொட்டு எழுதும் நிப்புக்கும் உரியது. அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. படம் வரைபவருக்கு அதுதான் வேண்டும், மைப்பேனைக்கு அதுதான் எமன்.

பேனையின் உள்ளே நடப்பது இதுதான். நிப்பின் கீழே கறுப்பு நாக்கு ஒன்று இருக்கும். அதில் தலைமயிர் அளவில் ஒரு வாய்க்கால் ஓடும். மை அதன் வழியே தானாக ஊர்ந்து நிப்பின் பிளவுக்கு வரும், அது வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகும். அதனால்தான் அழுத்தாமல் எழுதலாம். பேனையின் பாரமே போதும். அந்த வாய்க்காலில் அரக்கு காய்ந்தால் எவ்வளவு அழுத்தினாலும் மை வராது, நிப்பின் இரண்டு கால்களும் விரிந்துபோவதுதான் மிச்சம். பிள்ளையிடம் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். உதறுவதும் வேண்டாம்.

பேனையைக் கழற்றி, நிப் இருக்கும் பகுதியை இரவு முழுக்க ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் நாக்கு வளைந்துவிடும். காலையில் மை இழுக்கும் குழலைப் பொருத்தி, தண்ணீரை இழுத்து இழுத்துத் துப்ப விடுங்கள். அதன் பிறகு நிப்பை மட்டும் வேறு மையில் தொட்டு இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அப்படி எழுதினால் நிப் நலம், அடைப்பு நாக்கில்தான் என்று பிடித்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

நன்றி சேர். இரண்டு இரவு ஊற வைத்தேன். முதலில் சாம்பல் நிறமாக வந்தது, இப்போது தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுத் தம்பியின் நீல மையில் தொட்டால் நான்கு வரி அழகாக எழுதுகிறது. குழலில் நிரப்பினால் அரைவரியோடு நின்றுவிடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினேன். சவர்க்காரம் போடவில்லை.

மறுமொழி: அக்கரைப்பற்று, நொத்தாரிசு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. சேர் சொன்னது அவ்வளவும் சரி. இரண்டு விசயம் சேர்க்கிறேன்.

ஒன்று, தண்ணீர். கல்லடிப் பக்கம் கடலும் வாவியும் இரண்டு புறமும். கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் காயும்போது உப்பை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டுப் போகும். கடைசிக் கழுவலுக்காவது போத்தல் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள்.

இரண்டு, அரக்கு தண்ணீருக்கு இளகாது, காரத்துக்கு இளகும். வீடு துப்புரவாக்கும் அமோனியா கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அதில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு நல்ல தண்ணீரால் பத்துத் தரமாவது கழுவ வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். குளோரின் சேர்ந்த எதோடும் அமோனியாவைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஸ்பிரிட், நெயில் பொலிஷ் துடைக்கும் திரவம் இரண்டையும் பேனைக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி, நாக்கின் பின்பக்கம் வைத்துத் தள்ளினால் இன்னும் நன்றாக அடைப்பு எடுபடும்.

இப்படி ஒரு தரம் செய்து பாருங்கள். எழுதாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். மாணவிக்குப் படிக்கிற நேரம் முக்கியம்.

மறுமொழி: வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவன்

அக்கா, புதிது வாங்கும் நிலை வந்தால் என் அனுபவம் இது.

லாமி சஃபாரி என்று எல்லாரும் சொல்வார்கள். 1980 முதல் வருகிற ஜேர்மன் பேனை, விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாக இருக்கும். அருமையானது, ஆனால் உங்கள் கணக்குக்குள் வராது. அந்தப் பணத்துக்குள் சீனாவின் ஜின்ஹாவோ பார்க்கலாம். பெரும்பாலும் திருகி மை இழுக்கும் கன்வேர்ட்டரோடு வரும், போத்தல் மையே போதும். கொழும்பிலிருந்து யாராவது வந்தால் பிளாட்டினம் பிரெப்பி கேட்டுப் பாருங்கள். ஜப்பானியப் பேனைகளில் மிக மலிவானவற்றில் அதுவும் ஒன்று. மூடிக்குள் இன்னொரு உள்மூடி நிப்பை இறுக்கி அடைக்கும், மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் மை காய்வது அரிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிளாட்டினத்துக்கு அதனுடைய காட்ரிஜ்தான் (மை அடைத்து வரும் குழல்) பொருந்தும், வேறு குழல் நேரே ஏறாது.

எதை வாங்கினாலும் மெல்லிய நிப்பாக 'எஃப்' என்று கேளுங்கள், அதைவிடத் தடித்த 'எம்' வேண்டாம். நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். தடித்த நிப்பில் 'ண'வும் 'ஞ'வும் அடைந்துபோய் வாசிக்க முடியாது. மெல்லிய நிப் மையையும் குறைவாக விடும், சீ.ஆர். கொப்பியில் ஊறுவதும் குறையும். ஒரே எஃப் என்றாலும் ஜப்பானிய நிப் பெரும்பாலும் ஐரோப்பிய நிப்பை விட மெல்லியது.

மை பற்றி மனதில் இருக்கும் ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தினார்களே, அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தங்கச்சியின் குறிப்புக் கொப்பிகள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. போல் பேனையில் எழுதியது காய வைத்ததும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. கழுவினால் போகும் ரோயல் நீல மையில் எழுதிய இரண்டு கொப்பி வெறும் நீலத் தண்ணீர். அவள் அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே போத்தலில் 'வோஷபிள்' என்று இருந்தால் பாடக்குறிப்புக்கு வாங்காதீர்கள்.

மறுமொழி: களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி சொன்னது மிக நல்ல எச்சரிக்கை. நான் ஒரு பேனையைச் சேர்க்கிறேன்: ஹீரோ 616. நாங்கள் படிப்பித்த காலத்தில் பலருடைய சட்டைப்பையிலும் அதுதான். நிப் முழுக்க மூடியிருப்பதால் வறண்ட கச்சான் காற்றிலும் சட்டென்று காயாது. நான் தினமும் ஐந்து வகுப்புக் கொப்பி திருத்தியது அதில்தான்.

மறுமொழி: அக்கரைப்பற்று, நொத்தாரிசு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர்

சேர், மன்னிக்க வேண்டும், இதில் மட்டும் நான் வேறு பக்கம். ஹீரோ 616 நல்ல பேனைதான், ஆனால் அதே பெயரில் போலி நிறைய ஓடுகிறது. புதிதாகத் தொடங்கும் பிள்ளையால் பிரித்தறிய முடியாது. அதோடு மூடிய நிப்பைக் கழற்றிக் கழுவுவதும் சிரமம். முதல் பேனை திறந்த நிப்பாக, கன்வேர்ட்டரோடு இருக்கட்டும். அடைத்தால் தானே கழுவி எடுப்பாள்.

மைக்கு வருகிறேன். நாங்கள் பத்திரத்துக்குப் பார்க்கிற முதல் குணம் தண்ணீருக்கு நிற்பது. பெலிக்கான் 4001 நீலக்கறுப்பு அப்படி. கடுக்காயும் இரும்பும் சேர்த்து முந்தி மை காய்ச்சினார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. எழுதும்போது நீலம், காற்றுப் பட்டுக் கறுக்கும். மட்டமான தாளிலும் அவ்வளவாகப் பரவாது, மறுபக்கமும் குறைவாகவே போகும். ஆனால் அமிலத்தன்மை உண்டு, மாதம் ஒரு தரம் பேனையைக் கழுவியே ஆக வேண்டும். அது கிடைக்காவிட்டால் பார்க்கர் குவிங்க். 1931 முதல் இருக்கும் மை, சீக்கிரம் காயும். அதிலும் 'பெர்மனன்ட்' என்று போட்ட நீலக்கறுப்பைக் கேளுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அமோனியா வைத்துக் கழுவினேன். இரண்டாம் தரம் சிரிஞ்சால் தள்ளிய நேரம் கறுப்புத் தோல் மாதிரி ஒரு துண்டு வெளியே வந்தது. அதன் பிறகு பேனை எழுதுகிறது! புதிது வாங்கவில்லை. குவிங்க் நீலக்கறுப்பு மட்டும் வாங்கினேன். நேற்று பழைய வினாத்தாள் ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம் இருந்து எழுதினாள், விரல் நோகவில்லை என்றாள். அடுத்த தாளில் தடமும் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மத்தியானத்தில் கச்சான் அடிக்கும்போது ஐந்து நிமிடம் மூடாமல் வைத்தால் முதல் எழுத்து வருவதில்லை. பிறகு, பரீட்சைக்கு இதைக் கொண்டு போகலாமா?

மறுமொழி: வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவன்

யோசிக்கும் நேரமெல்லாம் மூடியைப் போடப் பழக்குங்கள் அக்கா. காய்ந்துவிட்டால் ஈரத்துணியில் நிப் நுனியை ஒற்றி எடுத்தால் போதும், உதற வேண்டாம். மாரியில் இதற்கு எதிர்மாறு. தாள் ஈரத்தை உறிஞ்சி நனைந்தது மாதிரி இருக்கும், மை பரவும், காய நேரம் எடுக்கும். கொப்பிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், உயரத்தில் வையுங்கள்.

மறுமொழி: களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பரீட்சை விசயத்தைப் பாடசாலையில் கேட்டுத் தெளிவாக்குங்கள். அனுமதி என்றாலும் விடைத்தாளில் இந்த மை எப்படி நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பையில் இரண்டு போல் பேனையும் இருக்கட்டும். இப்போதிருந்து கிழமைக்கு ஒரு வினாத்தாளைப் போல் பேனையிலும் எழுதச் சொல்லுங்கள், ஆனால் மைப்பேனையில் பழகிய அதே மெல்லிய பிடியோடு. அந்த டிரோயிங் இங்க் போத்தலைச் சித்திரம் படிக்கும் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.