ஒரே பெட்டி ரீடுகளில் ஏன் இத்தனை வித்தியாசம்? கிளாரினெட் வாசிப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். பி ஃபிளாட் கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்து வருகிறேன். ரீடு, அதாவது மவுத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனையில்) பொருத்தி அதிரவிடும் மெல்லிய நாணல் பட்டை விஷயத்தில் கை பழகியவர்களின் உதவி வேண்டும்.

இரண்டரை எண் ரீடுகள்தான் வாங்குகிறேன். ஒரே பெட்டியில் சில வாயில் வைத்ததுமே கணீரென்று பேசுகின்றன. சிலவற்றில் எவ்வளவு ஊதினாலும் காற்றுச் சத்தம்தான். இன்னும் சில, மேல் ஷட்ஜத்தைத் தாண்டியதும் கீச்சிடுகின்றன. எண் விறைப்பைக் குறிக்கிறது, தடிமனை அல்ல என்பது தெரியும். ரீடு செய்யும் அருண்டோ டோனாக்ஸ் நாணல் வயலில் விளைவது. இயந்திரம் ஒரே அளவாகச் சீவினாலும் நார் ஒன்றுபோல இருக்காதுதான்.

சுமாரான ஒரு ரீடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் நிழல் அடர்த்தியாக இருந்தது. மவுத்பீஸைச் சற்றுத் திருப்பி ஒவ்வொரு ஓரத்தையும் தனியாக அதிரவிட்டேன். வலப்பக்கம் தாராளமாகப் பேசியது, இடப்பக்கம் அடைத்துக்கொண்டது.

இந்த மாதிரி ரீடில் அடைக்கிற பக்கத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்க்கலாமா? நுனியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளித் தேய்ப்பீர்கள்? நடுப்பகுதியைத் தொட்டால் நாதமே போய்விடும் என்பதால் தயங்குகிறேன்.

அப்புறம், செயற்கை ரீடு வைத்து வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்கும்போது உதட்டுக்கு நாணல் ரீடு போல இணங்கிக் கொடுக்கிறதா? விலை அதிகம் என்பதால், வாசித்துப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.