பழைய சிங்கர் மெஷின்: மோட்டாரை மாற்றவா, பெடலை மாற்றவா?

பேட்டை_தையல்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். ஆச்சி வைத்திருந்த சிங்கர் 15கே வீட்டில் இருக்கிறது. மிதி மெஷின்தான், அம்மாவுக்கு முட்டு வலி என்பதால் ஒரு கடையில் மோட்டார் மாட்டி வாங்கினோம். ஜாக்கெட் துணிக்குக் குறையில்லை. பேண்ட் மடிப்பு, கித்தான் பை என்று வந்தால் மோட்டாரோடு வந்த கரண்ட் பெடலை மிதிக்க மிதிக்க முனகிக்கொண்டே நிற்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே பாய்ச்சல், அம்மா பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். பெடலும் சுடுகிறது. கடைக்காரர் சர்வோ மோட்டார் போடச் சொல்கிறார். தீபாவளித் தையல் வரும் முன்னே முடிக்கணும்.

அம்பை_மெக்கானிக்:
தம்பி, சர்வோ வேண்டாம். அது புதியம்புத்தூர் ரெடிமேட் யூனிட்களில் ஓடுகிற பவர் மெஷினுக்கு, மேஜைக்கு அடியில் மாட்டுவது. கையால் எண்ணெய் விடுகிற வீட்டு மெஷின் தலையை, அதாவது ஊசியும் கைச்சக்கரமும் இருக்கிற மேல் பாகத்தை, அதில் கட்டி ஓட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் தலையைச் சோதித்துப் பாருங்க. கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கிற வட்டத் திருகைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. அப்படி வைத்துப் பெடலை லேசாக மிதிங்க. சக்கரம் நிதானமாகச் சுற்றினால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, தலைதான் இறுகியிருக்கிறது. பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கையால் நன்றாகச் சுற்றி, அழுக்கைத் துடைத்து, அப்புறம் மெஷின் எண்ணெய் விடணும். மோட்டார் பக்கம் மண்ணெண்ணெய் போகவே கூடாது. அடிநூல் இருக்கிற பாபின் கேஸைக் கழற்றி அந்தக் கிண்ணத்துக்குள் நூல் சிக்கியிருக்கிறதா பாருங்க, பாதி மெஷினில் கோளாறு அங்கேதான்.

பேட்டை_தையல்:
பார்த்தேன் அண்ணாச்சி. ஒரு நூல் துணுக்கு இருந்தது, எண்ணெயும் விட்டாச்சு, கையால் சுற்ற இப்போ லேசாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாய்ச்சல் அப்படியே இருக்கிறது.

மேலப்பாளையம்_அக்கா:
அப்போ பெடல்தான். கடையில் மோட்டாரோடு தந்தது கம்பிச்சுருள் பெடலாக இருக்கும். கிளம்பும்போதுதான் மோட்டார் அதிகக் கரண்ட் கேட்கும், அந்த நேரம் சுருளே வோல்ட்டேஜைத் தின்றுவிடும், மோட்டாருக்கு மிச்சம் கொஞ்சம்தான். நீங்க மேலும் அழுத்துவீங்க, சுற்றத் தொடங்கியதும் கரண்ட் குறைந்து வோல்ட்டேஜ் மொத்தமும் மோட்டாருக்குப் போய்விடும், அதுதான் பாய்ச்சல். சூடும் அந்தச் சுருளில் வீணாகிற கரண்ட்தான். லேசாகச் சுடுவது இயல்பு, மிதிக்காமல் இருக்கும்போதே சுட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிடணும்.

எலக்ட்ரானிக் பெடல் வாங்குங்க. அது கரண்டைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதால் மெதுவாக ஓடும்போதும் மோட்டாருக்கு இழுவை இருக்கும், கழுத்து வளைவில் ஒவ்வொரு தையலாகக்கூட வைக்கலாம். மோட்டார் மேல் இருக்கிற தகட்டில் 100 வாட் என்று போட்டிருந்தால் 230 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர்கூட வராது, 1 ஆம்பியர் பெடல் தாராளம். மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிடுங்க, விலை சொற்பம்.

ஒன்றை மட்டும் விட்டுடாதீங்க. தலை முழுக்க இரும்பு, மோட்டார் அதில்தான் திருகப்பட்டிருக்கிறது. வயர் உரிந்தால் மெஷின் முழுக்க ஷாக் அடிக்கும், அம்மா வெறும் காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து தைப்பாங்க. மூன்று முள் பிளக் போட்டு, மோட்டார் உடம்பிலிருந்து எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்க.

அம்பை_மெக்கானிக்:
அக்கா சொன்னதுதான் சரி. கித்தானுக்கு 18-ஆம் நம்பர் ஊசி போடுங்க, மடிப்பு கனமான இடத்தில் மட்டும் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துக் கிளப்பச் சொல்லுங்க. பெல்ட்டை இழுத்துக் கட்டாதீங்க, வழுக்காத அளவு இருந்தால் போதும், இறுக்கினால் மோட்டார் தண்டைத் தாங்குகிற புஷ்தான் தேயும். பழைய மிதிச் சட்டத்தை யாராவது இரும்புக்குக் கேட்டாலும் கொடுக்காதீங்க, கரண்ட் போனால் தோல் பெல்ட்டை மாட்டித் தைக்கலாம்.