டூ ஸ்ட்ரோக்கில் கம்ப்ரஷன் 70 பிஎஸ்ஐ: ரிங் போதுமா, போர் போடணுமா?

காட்பாடிக்காரன்:
பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் பைக், போர் (சிலிண்டர் உள் விட்டம்) 50 மி.மீ. கம்ப்ரஷன் (சிலிண்டர் உள்ள அழுத்தம்) பார்க்கிற கேஜ் 70 பிஎஸ்ஐக்கு மேல ஏறல. ஏலகிரி ஏத்தத்துல செகண்ட் கியர்லயே திணறுது. பிஸ்டன் ரிங் மட்டும் மாத்தினா சரியாகுமா, போர் போடணுமா (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கணுமா)?

ஆரணி ரோடு:
அளந்த விதத்தைச் சொல்லலையே. இன்ஜின் சூடா இருக்கணும், ஆக்சிலேட்டர் முழுசா திறந்திருக்கணும், முள் நிக்கிற வரைக்கும் உதைக்கணும். திறக்காம உதைச்சா நல்ல இன்ஜினும் கம்மியாத்தான் காட்டும்.
அடுத்து பிளக் ஓட்டையில அரை டீஸ்பூன் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு மறுபடி பாருங்க. நல்லா ஏறினா ரிங்லயோ போர்லயோதான் கோளாறு. முள் அசையலன்னா ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல உள்ள தகடு) லீக். சோப்புத் தண்ணி தடவி உதைச்சா ஓரத்துல நுரை கிளம்பும். ஆயிலை அதிகமா ஊத்தாதீங்க, ஹெட்டுல இடம் சுருங்கி பொய்க் கணக்கு காட்டும்.

காட்பாடிக்காரன்:
திறக்காமத்தான் உதைச்சேன் அண்ணா. திறந்து பார்த்தா 85. ஆயில் விட்டதும் 110.

சத்துவாச்சாரி:
அப்போ சிலிண்டர் பிளாக்கைக் கழட்டியே ஆகணும். ரிங்கை பிஸ்டன் தலையால நேரா உள்ள தள்ளி, ரிங் வாய் இடைவெளியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. 0.15 - 0.35 மி.மீ. நல்லது. 0.7 தாண்டினா ரிங் போச்சு. பிஸ்டன் காடியில (ரிங் உக்காரற பள்ளத்துல) கரி இறுகி ரிங் ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான்.
சிலிண்டர் உள்ள சைலன்சர் போர்ட் (புகை வெளியேறும் ஓட்டை) பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்க. கோடு நகத்துல தட்டினா புது ரிங் வீண், 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, அதை அளந்துதான் போர் போடச் சொல்லணும். போட்டதும் போர்ட் விளிம்பைக் கூர் மழுக்கச் சொல்லுங்க, லேத்துல பாதிப் பேர் விட்டுடறாங்க. விட்டா ரிங் அதுல மாட்டி உடையும். ரிங் வாய் காடியில உள்ள பின்னுல உக்காரணும்.

ஆரணி ரோடு:
கிராங்க் சீலையும் (கிராங்க் ஷாஃப்ட் ஓரத்துல காத்து புகாம அடைக்கிற ரப்பர் வளையம்) பாருங்க. அது கேஜுல தெரியாது. ஆனா காத்து இழுத்து பெட்ரோல் மிக்சர் மெலிஞ்சா புது பிஸ்டனும் சீஸ் ஆகும் (சிலிண்டர்ல இறுகி நின்னுடும்).